சதுர அடிக்குள் அடங்காத அலமாரி

வீட்டில் அலமாரியைப் புதுப்பிக்கலாம் என்று பேச்செடுத்தால் சென்னையில் இரண்டு கேள்விகள் உடனே வரும். ஆசாரியை வைத்துச் செய்வதா, மாடுலர் கம்பெனியிடம் கொடுப்பதா? சதுர அடி என்ன ரேட்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் திட்டமிடுவது முடிந்தது என்றே பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். மூன்றாவது வருடம் கதவு தாழ்ந்து தரையை உரசும், நடுப்பலகை வயிறு தொங்கும், பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சை வாடை வரும். அப்போது ஆசாரியை வைத்தவர்கள் கம்பெனியிடம் போயிருக்கலாமே என்பார்கள், கம்பெனியிடம் போனவர்கள் ஆசாரியே தேவலாம் என்பார்கள். இரு தரப்பும் குறை சொல்வது ஆளைத்தான். கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. உள்ளே என்ன வைக்கப் போகிறோம், அது எந்தச் சுவரில் நிற்கப் போகிறது, எந்த அலகில் பணத்தைக் கணக்கிடப் போகிறோம் ஆகிய மூன்றும் தாளில் எழுதப்பட்ட பிறகுதான் ஆள் தேட வேண்டும். எழுதிவிட்டால் ‘யார்’ என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கடைசி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் கைமாறுவது அதில்தான். அலமாரி வேலையில் சதுர அடி என்றால் முகப்புச் சதுர அடி. 7 அடி அகலம், 7 அடி உயரம் கொண்ட அலமாரி 49 சதுர அடி. முன்னால் நின்று பார்த்தால் தெரியும் பரப்பு அவ்வளவுதான். உள்ளே எவ்வளவு பலகை போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழம் 2 அடி, உள்ளே மூன்று பாகம் என்று வைத்துக்கொள்வோம். பக்கப்பலகை இரண்டும் சேர்ந்து 28 சதுர அடி, நடுத்தடுப்பு இரண்டும் 28, மேல்பலகையும் அடிப்பலகையும் 28, கதவுகள் 49. ஆக 133 சதுர அடி. இதில் பாகத்துக்கு இரண்டு தட்டு வைத்தால் இன்னொரு 28 சேர்ந்து 161 ஆகும். பாகத்துக்கு ஐந்து தட்டு வைத்தால் 70 சேர்ந்து 203 ஆகும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால், முதல் அலமாரிக்கு வெட்டுச் சேதம் போக ஐந்து ஷீட், இரண்டாவதற்கு ஆறுக்கு மேல். கூடுதல் தட்டுகளின் இரு பக்கமும் மைக்கா ஒட்ட 84 சதுர அடி தனியாக வேண்டும். பின்பலகையையும் இழுப்பறைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கொட்டேஷனில் இரண்டு அலமாரியும் 49 சதுர அடிதான், ரேட்டும் ஒன்றுதான்.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. முகப்புக்குப் பணம் கொடுத்தால் முகப்பு நன்றாக வரும், உள்ளே எது எது குறையுமோ அது குறையும். இழுப்பறை ஒன்றுக்கு நாலு பக்கம், ஓர் அடிப்பலகை, ஒரு ஜோடி டெலஸ்கோபிக் சேனல், அரை நாள் வேலை. சதுர அடி ரேட்டில் வேலை எடுத்தவர் "இழுப்பறை எதுக்கு சார், தட்டே போதும்" என்று சொன்னால் அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அந்தக் கணக்கே அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. நடுத்தடுப்பு இரண்டை ஒன்றாக்கினால் ஒரு பலகை மிச்சம். ஆனால் தட்டின் நீளம் மூன்றரை அடியாகிவிடும், 18 மில்லிமீட்டர் பலகை அந்த நீளத்தில் துணிச்சுமை தாங்காமல் மெல்ல வளையும். சுவரே இருக்கிறதே என்று பின்பலகையை விட்டுவிட்டால் அதுவும் மிச்சம். கதவின் வெளிப்புறம் மட்டும் மைக்கா ஒட்டி உள்புறம் பெயின்ட் அடித்தாலும் மிச்சம்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மைக்கா இழுத்துப் பிடித்த கதவு வில்லாக வளையும் என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும். ஆகவே ரேட்டைக் கேட்பதற்கு முன் தட்டு எத்தனை, இழுப்பறை எத்தனை, பின்பலகை என்ன கனம், உள்பக்க மைக்கா என்ன கனம் என்று பட்டியல் கொடுத்து, மொத்த வேலைக்கு ஒரே தொகையாக விலை கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மூன்று பேரின் விலையை ஒப்பிட முடியும். சதுர அடி ரேட்டை வைத்து மூன்று பேரை ஒப்பிட்டால், மூன்று வெவ்வேறு பொருளின் விலையைத்தான் ஒப்பிடுகிறோம்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க, இருக்கிற துணிமணியை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே தமிழ் வீட்டின் தேவை, கம்பெனி காட்டும் கேட்டலாக்கிலிருந்து விலகுகிறது. கேட்டலாக் அலமாரியில் பாதி இடம் கோட்டும் கவுனும் தொங்குவதற்கு. நம் வீட்டில் தொங்க வேண்டியவற்றுள் முதன்மையானது புடவை. புடவையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். கொசுவம் போல மடித்து ஹேங்கரில் போட்டால் இரு பக்கமும் 23 அங்குலத்துக்குள் தொங்கும், கொக்கியையும் சேர்த்து 30 அங்குல உயரம் தாராளம். சட்டைக்கு 40 அங்குலம். ஆக ஒரே பாகத்தில் மேலே புடவைக் கம்பி, கீழே சட்டைக் கம்பி என்று இரண்டு அடுக்கு போட 7 அடியில் இடம் இருக்கிறது. பலர் ஐந்தடிக்கு ஒரு கம்பி மட்டும் போட்டு, கீழே மிச்சமாகும் இரண்டடி இருட்டில் பழைய பைகளைத் திணிக்கிறார்கள். கனமான ஜரிகைப் பட்டு இதிலும் சேராது. அதைத் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே இழுபடும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, படுக்கவைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அதற்கு வேண்டியது உயரம் குறைந்த தட்டு. 9 அங்குல இடைவெளி போதும், ஐந்தாறு புடவைக்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பதை உருவும்போது மேலே இருப்பது கலைந்துவிடும். வேட்டி, துண்டு, போர்வை, கொலுப்பொம்மைப் பெட்டி, விருந்தாளிக்கான பாய் என்று மற்றவை எல்லாம் தட்டுக்கும் பரணுக்கும் உரியவை. எண்ணிப் பார்த்தால் தொங்குபவை கால்பங்கு, மடிப்பவை முக்கால்பங்கு என்று தெரியவரும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுக்குக் கேட்டலாக் அலமாரி எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பொருந்தாது.

எண்ணிய பிறகு, புது அலமாரியே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம். பழைய வீடுகளில் சுவருக்குள் கடப்பா கல் பதித்த தட்டுகள் உண்டு. கரையானோ ஓதமோ அதைத் தொடாது. அதன் ஒரே குறை ஆழம். ஒன்றரை அடிக்குள் இருப்பதால் ஹேங்கர் குறுக்குவாட்டில் போகாது, கதவு மூடாது. முன்னோக்கி இழுக்கும் கம்பி ஒன்றைப் பொருத்தி, சட்டமும் கதவும் மட்டும் புதிதாகப் போட்டால் பாதிச் செலவும் ஆகாது. இரும்பு பீரோவும் அப்படித்தான். கோத்ரெஜ் 1923-இலேயே எஃகு அலமாரி செய்யத் தொடங்கிவிட்டது. அதன் வழிவந்த ஆறரை அடி பீரோவைக் கல்யாணச் சீர்வரிசையிலிருந்து இன்னும் யாரும் முழுக்க அகற்றவில்லை. ஆழம் போதாது, அழகும் சுமார்தான். ஆனால் நகர்த்தலாம், வெள்ளம் வடிந்தபின் கழுவித் துடைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர் சுவரோடு சுவராகப் பதிக்கும் அலமாரிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்றே சொல்வேன்.

அடுத்தது சுவர். கடலோரத் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். வெளிச்சுவரோடு ஒட்டி, மூடிய கதவுக்குள் துணியை வைத்தால் பூஞ்சை பிடிப்பதில் வியப்பில்லை. குளியலறைச் சுவரின் மறுபக்கம் அதைவிட மோசம். அங்கே குழாய் இணைப்பில் கசியும் ஒரு சொட்டு வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் பலகைக்குள் இறங்கும். ஓதம் உள்ள சுவரை முதலில் சரிசெய்து, ஒரு மழைக்காலம் காயவிட்டுப் பார்த்து, அதன்பிறகே அலமாரி போட வேண்டும். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று போக விட வேண்டும். தரையோடு தரையாக அடிப்பலகையை வைக்காமல் 4 அங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் நீர் புகுந்த வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு அங்குலம் வெள்ளத்தைத் தடுக்காது, தரை துடைக்கும் தண்ணீரையும் கரையானையும் நம் கண்ணில் படும்படி தள்ளி நிறுத்தும். வாஸ்து பார்ப்பவர்கள் பீரோவைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் மோதுவது எதிர்ப்புறச் சுவர்களில், மேற்குச் சுவர் மாலை வெயிலில் காய்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் சென்னையில் அந்த மூலை மோசமான தேர்வு அல்ல. அந்த மூலைக்கு அடுத்த அறை குளியலறை என்றால் மட்டும் வாஸ்துவை ஒதுக்கி வைப்பது நல்லது.

பலகையைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள், நான் குறைவாகவே சொல்கிறேன். கடையில் 303, 710 என்று இரண்டு எண்கள் காதில் விழும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு, ஐஎஸ் 710 மரைன் பிளைவுட்டுக்கு. பின்னதை 72 மணிநேரம் கொதிநீரில் வைத்தும் பசை விடக் கூடாது. படுக்கையறை அலமாரி முழுவதையும் 710-இல் செய்வது, குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்கோட்டும் போட்டுக்கொள்வது மாதிரி. அடிப்பலகைக்கும் ஈரச்சுவர்ப் பக்கத்துக்கும் அதை வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் 303 போடலாம். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், ஊதியது திரும்ப இறங்காது. திருகாணி ஒருமுறை கழன்றால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. முத்திரை உண்மையா என்று பார்க்க ஷீட்டில் ஐஎஸ்ஐ குறிக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். ‘குர்ஜன்’ என்று கடைக்காரர் அழுத்திச் சொல்லும்போது, அந்த மரத்தின் பெரும் ஊற்றாக இருந்த மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். புதுப் பலகையில் கண்ணைக் கரிக்கும் வாடை ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குழந்தை தூங்கும் அறையென்றால் ஈ1, ஈ0 என்று உமிழ்வு அளவு குறிப்பிட்ட பலகையைக் கேட்டு வாங்குவதும், வேலை முடிந்தபின் சில வாரம் கதவுகளைத் திறந்து போட்டு வைப்பதும் நியாயமான எச்சரிக்கை.

இப்போது ஆள். பட்டியலும் சுவரும் பலகையும் தீர்ந்தபின் ஆசாரிக்கும் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும். கம்பெனியின் பலம் எந்திரம். பலகையை அரை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டி, விளிம்பில் பிவிசி பட்டையைச் சூடான பசையால் எந்திரத்தில் ஒட்டுவார்கள், கையால் ஒட்டியது அதற்கு ஈடாகாது. ஆசாரியின் பலம் சுவர். நம் வீட்டுச் சுவர்கள் ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. மேலே ஓரளவு, நடுவே ஓரளவு, கீழே ஓரளவு அகலம் இருக்கும். எந்திரம் வெட்டிய சதுரப்பெட்டி அந்தக் கோணலுக்குள் போனால் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விழும், அதை அடைக்க ஒரு பட்டை வரும், பட்டைக்குத் தனிக் கட்டணம் வரும். ஆசாரி சுவரின் கோணலையே பலகையில் வரைந்து இழைத்துப் பொருத்துவார். சுவர் நேராக இருந்து, தட்டும் இழுப்பறையும் நிறைய இருக்கிற வீட்டுக்குக் கம்பெனி பொருந்தும். கோணல் சுவர், கடப்பா தட்டு, படிக்கட்டுக்கு அடியில் உள்ள முக்கோணம் போன்றவற்றுக்கு ஆசாரிதான். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. பலகையை எந்திரம் உள்ள பட்டறையில் அளவு கொடுத்து வெட்டி, விளிம்பு ஒட்டி வாங்கிவந்து, பொருத்துவதை மட்டும் ஆசாரியிடம் விடலாம். பட்டியல் தயாராக இருப்பவருக்கே இது சாத்தியம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, தலைமுறையாகத் தொழில் செய்பவருக்குப் படம் வரைந்து கொடுப்பது அவமரியாதை, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்பது. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது, உண்மை. ஆனால் நம் வீட்டில் எத்தனை புடவை என்பது அவருக்குத் தெரியாது. தவிர, நகரத்து வேலைத்தளங்களில் இன்று பலர் ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மேஸ்திரியிடம் தமிழில் சொன்னது, அவர் வாய்வழியாக இந்தியில் போய், வெட்டும் மேசைக்குச் சேரும்போது எட்டு அங்குலம் பதினெட்டு ஆகிவிடலாம். எழுதிய எண் எந்த மொழியிலும் ஒன்றுதான், அது வேலைக்காரரையும் காப்பாற்றுகிறது. இரண்டாவது மறுப்பு, கம்பெனியில் முப்பரிமாணப் படமும் பத்து வருட வாரன்டியும் தருகிறார்களே, பிறகு நமக்கென்ன வேலை என்பது. படம் முகப்பைத்தான் காட்டும், சதுர அடி போலவே. வாரன்டித் தாளின் பின்பக்கத்தைப் படித்தால் ஈரத்தால் வந்த சேதம், கரையான், தவறான பயன்பாடு ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். நம் ஊரில் அலமாரி வேறு எதனால் சாகிறது?

அளவெடுப்பில் எவ்வளவு சிறிய விஷயம் பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் 7 அடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே அச்சாக 7 அடி உயரப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்த முயன்றால் நிமிராது. 84 அங்குல உயரமும் 24 அங்குல ஆழமும் உள்ள பெட்டியின் குறுக்குக்கோடு 87 அங்குலத்துக்குச் சற்று அதிகம். நிமிரும் வழியில் அதன் மூலை பரணில் இடித்து நிற்கும். நின்ற இடத்திலேயே பலகை பலகையாகப் பூட்டும் ஆசாரிக்கு இது பிரச்சினையே இல்லை. பூட்டிய பெட்டியாகக் கொண்டுவருபவரிடம் இரண்டு துண்டாகச் செய்யச் சொல்ல வேண்டும். அறையின் கணக்கும் இப்படித்தான். 10 அடிக்கு 10 அடி அறையில் 2 அடி அலமாரியும் 5 அடிக் கட்டிலும் போக மிஞ்சுவது 3 அடி. அதில் ஒன்றரை அடிக் கதவு திறந்தால் ஆள் நிற்க மீதி ஒன்றரை அடி. நகரும் கதவு போட்டால் இந்த நெருக்கடி தீரும், ஆனால் தண்டவாளத்துக்கு மூன்று நாலு அங்குல ஆழம் போகும், ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு, கட்டிலோடு இரண்டு நாள் வாழ்ந்து பார்த்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பதிலும் இதே ஒழுங்கு உதவும். கூலி மட்டும் பேசினால் பலகை நாம் வாங்க வேண்டும். கடைக்கு அழைத்துப் போகும் ஆசாரிக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த வழக்கம், அதைத் திருட்டு என்று கொதிப்பதைவிட, நாமே இரண்டு கடையில் விலை கேட்டு வைத்திருப்பது உருப்படியானது. மெட்டீரியலோடு பேசினால் இரண்டாம் தவணையைப் பலகை வீட்டுக்கு வந்து முத்திரையைப் பார்த்தபின் தருவது என்று வைத்துக்கொள்ளலாம். தகராறு வந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் நாள்கூலிக்கு நம் சொற்படி வேலை செய்தவர் விஷயத்தில், இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம், சட்டத்தில் வராது என்று வாதிட இடம் இருக்கிறது. கையெழுத்திட்ட பட்டியலும் மொத்தத் தொகையும் இருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். பட்டியல் இல்லாத வழக்கில் எதைச் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

கடைசித் தவணை பற்றி ஒன்று. மாசி, பங்குனியில் முடிக்கிற அலமாரியின் கதவுகள் நூல் பிடித்த மாதிரி நிற்கும். கார்த்திகையில் பலகை ஈரம் குடித்து, இரண்டு கதவு நடுவில் உரசத் தொடங்கும். இது குற்றமல்ல, மரத்தின் இயல்பு. இப்போதைய கீல்களில் கதவைப் பக்கவாட்டில், மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தத் திருகாணிகள் இருக்கின்றன, கதவு ஒன்றுக்கு ஐந்து நிமிட வேலை. அதற்காக மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதியைத் தை மாதம் வந்து கதவுகளைச் சீராக்கிய பிறகு தருவது என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர், சம்மதிப்பவர் என்று இரண்டு வகை உண்டு. மூன்று கொட்டேஷனில் எதை எடுப்பது என்று குழம்பும்போது, விலையைவிட இந்தக் கேள்விக்கு வந்த பதிலை அதிகம் நம்பலாம்.